கந்தவேலின் மனப்பாடம்

நாற்காலியில் உட்கார்ந்ததும் கந்தவேல் தனக்குள்ளே ஒரு சத்தியம் செய்துகொண்டார். இந்தத் தடவை பார்த்துத்தான் படிப்பது.

சுதாராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய இடது கண்ணை ஓர் அட்டையால் மறைத்தாள். எதிர்ச்சுவரில் எழுத்துகள் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போயின.

கொடைக்கானலில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. அவள் சரி என்று எழுதினால்தான் டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

சான்றிதழ் இருந்தால்தான் அரையாண்டு லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது வில்பட்டிப் பிள்ளைகளை ஏற்றும் வேனின் சாவி கந்தவேல் கைக்கு வரும். இல்லாவிட்டால், இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்த ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

முதல் எழுத்து ‘ட’. நன்றாகப் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

போன தடவை இந்த நிதானமெல்லாம் இல்லை.

அது காலாண்டு லீவில் நடந்தது. வில்பட்டி சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் முகாம். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் அவசியம் வர வேண்டும் என்று நோட்டீசில் தனியாகப் போட்டிருந்தது.

கண்ணாடி போட்டவனுக்குத்தான் கண் ஆஸ்பத்திரி என்பது கந்தவேலின் கொள்கை. ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. கொஞ்ச நாளாகவே, எதிர்வண்டி லைட் பட்டால் ரோட்டின் ஓரம் காணாமல் போய்விடுகிறது. பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் ஏறும் வண்டி, வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும்.

வரிசையில் அவருக்கு முன்னால் பதினாலு பேர். ஒவ்வொருவரும் கூடமே கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். எட்டாவது ஆள் படிக்கும்போதே கந்தவேலுக்குச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டை மொத்தமும் பாடமாகிவிட்டது.

தன் முறை வந்ததும் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தார். வலது கண்ணை மூடி ஒரு தரம், இடது கண்ணை மூடி ஒரு தரம். மூச்சு விடக்கூட நிற்கவில்லை.

ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. என்ன, அவர் உட்காருவதற்கு முன்பே சுதாராணி அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டாள். அந்தப் பக்கத்தில் இருந்தது எழுத்தே இல்லை, எல்லாம் எண்கள்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. ஓரமாக உட்காரச் சொல்லி, கூட்டம் கலைந்த பிறகு கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி வருகிறது, ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்றாள்.

கந்தவேல் கெஞ்சினார். கோபித்துக்கொண்டார். மறுபடியும் கெஞ்சினார். அவள் அசையவே இல்லை. குணமாகி வரும்வரை வேறு ஆளை வைத்து ஓட்டும்படி பள்ளிக்கூடத்தில் தானே பேசுவதாக மட்டும் சொன்னாள். சொன்னபடி பேசவும் செய்தாள்.

அக்டோபரில் ஒரு கண், நவம்பரில் இன்னொன்று. கட்டுப் பிரித்த அன்று கந்தவேல் முதலில் பார்த்தது தன் சட்டையை. அது வெள்ளையாக இருந்தது. சட்டையெல்லாம் பழுப்பேறிப் போச்சு என்று இரண்டு வருஷமாகச் சோப்பையும் பெண்டாட்டி பிச்சையம்மாளையும் மாற்றி மாற்றித் திட்டியிருந்தார். வீட்டுக்குப் போனதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

இப்போது கடைசி வரி. எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். பிறகு அடுத்த கண்ணாலும் சொன்னார்.

சுதாராணி சீட்டில் எழுதினாள். வண்டி ஓட்டத் தடையில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்றாள். மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னாலும் வருகிறேன் தாயி என்றார் கந்தவேல்.

கை தானாகக் கூப்பிக்கொண்டது. இவ்வளவு நன்றியையும் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வில்பட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத கண் முகாம் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்ததே, எல்லாம் குறிஞ்சி ஆண்டவர் செயல், அவருக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன் என்றார்.

சுதாராணி பேனாவை மூடி வைத்தாள்.

“முகாம் பூம்பாறையிலதாண்ணே போடுறதா இருந்துச்சு. நாந்தான் வில்பட்டிக்கு மாத்திக் கேட்டேன். எங்க வேன் மாமா நல்ல வெயில்லயும் ஒரே மிஸ்ட்டு, பனிமூட்டம்னே சொல்றாரும்மான்னு, லீவு விட்ட அன்னிக்கு எம்மக வந்து சொன்னா.”

எந்தப் பிள்ளை என்று கேட்டார் கந்தவேல். சௌம்யா என்றாள் அவள். இரண்டாம் வகுப்பு, டிரைவருக்கு நேர் பின்சீட்டு. தினமும் அப்பாதான் கொண்டுவந்து ஏற்றிவிடுவார். அம்மா யாரென்று கந்தவேல் விசாரித்ததே இல்லை.

தன் பிள்ளையை மட்டும் அந்த வண்டியிலிருந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவள் ஒரு முகாமையே அவர் இருக்கும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

கந்தவேலுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைக் கசக்கப் போன கையைச் சுதாராணி எட்டிப் பிடித்தாள். ஆபரேஷன் பண்ணின கண், கசக்கக்கூடாது என்றாள்.

திங்கட்கிழமை ஏழே காலுக்குச் சௌம்யா ரோட்டில் நிற்பாள் என்றும் சொன்னாள்.