கடைசி அறை

"உள்ளே போய் இருமினேன்னு வை, அவ்வளவுதான். மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்," என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"இருமலை நானா கூப்பிடுறேன்? அதுவா வருதும்மா."

"வந்தா முழுங்கு. இத்தனை வருஷமா எதையெல்லாம் முழுங்கல நாம."

குடியுரிமை அலுவலகத்தின் மேல்மாடி பெஞ்சில் அம்மாவும் மகனும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கீழே கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னான். அடுத்த மாடியில் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தான். 'மேலே ஒரே ஒரு அறைதான் பாக்கி' என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அறைக் கதவில் 'டாக்டர்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ரொட்டிக் கடை வேலையில் மாவுத் தூசி பட்டு அது இன்னும் முற்றியிருந்தது. மருந்துகூட யாருக்கும் தெரியாமல்தான். நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அகதி முகாமில் எல்லோரும் அறிந்த சங்கதி. விடாமல் இருமிய ஒரு பெண்ணை ஒருநாள் கூட்டிப் போனார்கள். அவள் பாய் மட்டும் சுருட்டியபடியே கிடந்தது.

திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அண்ணனை வீட்டு வாசலில் வைத்தே ராணுவ லாரியில் ஏற்றிப் போருக்குக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. "இவனையாவது எவன் கையிலும் குடுக்க மாட்டேன்" என்று அம்மா அவனை இழுத்துக்கொண்டு எல்லை தாண்டினாள்.

"அடுத்தவங்க வாங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "சட்டையைக் கழட்டுப்பா. மூச்சுத்திணறல் ஏதாவது உண்டா?"

"எனக்கா? மாவு மூட்டையைத் தூக்கிட்டு மாடி ஏறுவேங்க."

ஸ்டெதஸ்கோப் சில்லென்று முதுகில் ஊர்ந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று மெல்லக் கத்தத் தொடங்கியது.

"லேசா இழுக்குதே."

"பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேங்க."

"இருந்தா இருக்குன்னு சொல்லுப்பா. தப்பில்ல," என்றார் அவர், கனிவாகவே.

இப்படி இனிக்க இனிக்கப் பேசித்தான் வாயைக் கிண்டுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். "சத்தியமா ஒண்ணும் இல்லைங்க," என்றான். கண்ணில் நீர் முட்டும்வரை மூச்சை அடக்கினான். டாக்டரம்மா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வெளியே அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லைன்னு எழுதிட்டாங்கம்மா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இப்ப இருமிக்கோடா என் ராசா, வேணுங்கிற மட்டும் இருமு." அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தான்.

பின்னாலேயே அளவு டேப்போடு ஒரு ஊழியர் வந்தார். "தம்பி, கையைத் தூக்கு. சீருடைக்கு அளவு எடுக்கணும்."

"சீருடையா? குடியுரிமைக்கு எதுக்குங்க சீருடை?" என்றாள் அம்மா.

"குடியுரிமைதான் கீழேயே முடிஞ்சுபோச்சேம்மா. இது பட்டாளத்துக்கு. எல்லையில நிலவரம் சரியில்லைன்னு போன வாரம்தான் சட்டம் வந்துச்சு," என்றபடி அவர் டேப்பை அவன் நெஞ்சைச் சுற்றி இறுக்கினார். "வயசுப் பசங்கள்ல நோயாளிகளை மட்டுந்தான் விட்டுவைக்கிறாங்க."