சின்ன நம்பர் பிளேட்

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் உள்ள தன் வீட்டுக் குசினியில் இருந்தபடி, லண்டனில் கார்களுக்கு நம்பர் பிளேட் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் சுகிர்தனுக்குத் தொலைபேசி எடுத்தார் பத்திநாதர்.

"தம்பி, அங்க இருக்கிற என்ர மருமகன்ர காருக்குக் கட்டையான பிளேட் வேணும்."

"செய்யலாம் அண்ணை. ரெண்டு கரையிலயும் இருக்கிற வெறும் இடத்தைக் குறைச்சுத் தாறன். காரின்ர பத்திரத்தை அனுப்புங்கோ."

"அது காணாது. எழுத்தையும் சின்னனாக்கி, நெருக்கி அடிச்சுத் தாருமன்."

"ஏலாது அண்ணை. எழுத்தின்ர உயரம், இடைவெளி எல்லாத்துக்கும் இங்க சட்டம் இருக்கு."

"மற்றக் கடையளில செய்து தருவினமே. ஆர் அளந்து பாக்கப்போகினம்?"

சுகிர்தனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரையாவது இடிச்சுப்போட்டு ஓடினால், பாத்த சனம் நம்பரை எப்பிடி வாசிக்கிறது? எனக்கு இந்த வேலை வேண்டாம், போனை வையுங்கோ!"

பத்திநாதர் வைக்கவில்லை.

"கோவிக்காதையும் தம்பி. எனக்கு மருமகனும் இல்லை, காரும் இல்லை. லண்டனுக்குப் படிக்க வந்த என்ர மகள் மெலனியைப் போன வருஷம் ஒரு கார் அடிச்சுப்போட்டு நிக்காமல் போட்டுது. பிள்ளை அந்த இடத்திலயே முடிஞ்சிட்டாள். நாலு பேர் பாத்தவை. எழுத்து அவ்வளவு நெருக்கமாம், ஒருத்தராலயும் நம்பரை வாசிக்க ஏலேல்லை. அந்தப் பிளேட்டை அடிச்சுக் குடுத்தவனைத் தேடித்தான் ஒவ்வொரு கடையாக் கேக்கிறன்."

சுகிர்தன் மெதுவாகக் கேட்டான்.

"எத்தினை கடைக்கு எடுத்தனீங்கள் அண்ணை?"

"உம்மோட பதினேழு. மற்றப் பதினாறு பேரும் ஓமெண்டவை. அதில அவன் ஆரெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது தம்பி?"