கடைசியாக ஒரு மடிப்பு

“ஒரே புடவைய மூணு வாட்டி பிரிச்சு மடிக்கிறீங்களே சார், கஸ்டமர் காத்துக்கினு இருக்காங்க,” என்றாள் பட்டுக்கடையில் பில் போடும் சத்யப்ரியா.

“ஒரு மடிப்பு தப்புனாலும் மனசு கேக்காதுமா,” என்றார் புதிதாகச் சேர்ந்திருந்த ஆதிகேசவன்.

“முன்னாடியும் மடிக்கிற வேலைதானா?”

“ஆமாமா. வடக்கே, இருபது வருஷம்.”

“பனாரஸ் பட்டா?”

அவர் தலையை நிமிர்த்தினார். கடை டிவியில், விமானப்படையிலிருந்து ஓய்வுபெறும் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி விமானம் தரையிறங்கி ஓடியது. ஆதிகேசவன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வாலிலிருந்து பாராசூட் விரிந்து இழுக்க, விமானத்தின் வேகம் தணிந்தது.

“இதைத்தான்மா மடிச்சேன். கார்கில் சண்டையப்போ ராப்பகலா மடிச்சேன். இது விரியலேன்னா பிளேன் ஓடுபாதையத் தாண்டிப் போயிடும்.”

புடவையை அவளிடம் நீட்டினார். கண் டிவியிலேயே இருந்தது.

“எவனோ, நல்லா மடிச்சிருக்கான்.”