பதினோரு மணி விளக்கு

“அண்ணே, மணி பதினொண்ணு அஞ்சு. கூரம் லைட்டு இன்னும் எரியல,” என்று உதவியாள் துரைக்கண்ணு கிசுகிசுத்தான்.

தணிகாசலம் எதிரிலிருந்த விளக்குப் பலகையைப் பார்த்தான். காஞ்சிபுரம் டெலிபோன் நிலையத்தில் இரண்டு மாதம் பாடுபட்டு அவன் பொருத்திய பலகை அது. சுற்றுப்பட்டு ஊர்களில் பூட்டிய அறைக்குள் தானாக ஓடும் டெலிபோன் இயந்திரங்களில் எங்கே கோளாறு என்றாலும், யாராவது அறைக் கதவைத் திறந்தாலும், இங்கே அந்த ஊர் விளக்கு எரிந்து மணி அடிக்கும். அடிக்க வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை அதைச் சோதிக்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி சாமுவேல், எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு ஓரிக்கையில் கதவைத் திறந்தார்கள். விளக்கு சமர்த்தாக எரிந்தது. பதினோரு மணிக்குக் கூரத்தில் காவலாளி வீராசாமி திறக்க வேண்டும். அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், அங்கிருக்கும் ஒரே டெலிபோனும் அந்தப் பூட்டிய அறைக்குள்தான்.

பலகை தேறாவிட்டால் தணிகாசலத்துக்கு ராமநாதபுரம் மாற்றல் என்று ஏற்கெனவே பேச்சு. வீட்டில் மனைவி தேவகிக்கு நிறைமாதம்.

அவனும் துரைக்கண்ணுவும் பலகைக்குப் பின்னால் போய் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது.

“இந்த ரெண்டு வயரையும் லேசா சேத்துப் புடிண்ணே, லைட்டு எரிஞ்சிடும். கூரத்துக்கு சாயந்திரம் போய்ப் பாத்துக்கலாம். முன்னால குந்திக்கினு இருக்கிறவருக்கு இன்னா தெரியப் போவுது?”

தணிகாசலம் வயர்களைக் கையில் எடுத்தும் விட்டான். தேவகியின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் கை கூசியது. நாளைக்கே கூரத்தில் நிஜமாகத் தீப்பிடித்து, இங்கே விளக்கு எரியாமல் போனால்? வயர்களை விட்டுவிட்டு முன்னால் வந்தான்.

“சார், கூரம் லைட்டு எரியல. ஏன்னு எனக்குப் புரியல. சைக்கிள்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

சாமுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, உட்காருங்கள் என்று சொல்லிக் காபி வரவழைத்தார். தணிகாசலம் காபியை ஆறவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம். விளக்கு பளிச்சென்று எரிந்தது, மணி அலறியது. கூடவே கூரத்திலிருந்து வீராசாமியின் போன்.

“ராகு காலத்துல போயி நல்ல காரியம் தொடங்கலாமா சாமி? அதான் பன்னெண்டு தாண்டட்டும்னு கதவாண்டயே குந்திக்கினு இருந்தேன்.”

தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. காவலாளி செய்த கூத்துக்காக அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டான்.

சாமுவேல் அதற்குள் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவரத் திட்டாதீங்க. காலைல நான் கூரம் போய்ட்டுதான் இங்க வந்தேன். பன்னெண்டுக்கு முன்ன திறக்க மாட்டேன்னு என்கிட்டயே கறாரா சொல்லிட்டார்,” என்றவர், பேனாவை மூடினார். “பதினோரு மணிக்கே அந்த லைட்டு எரிஞ்சிருந்தா, இந்நேரம் உங்க மாற்றல் உத்தரவுலதான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.”