காப்பிக் கலர்

“இவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொல்லிப்போடு அம்மணி. இன்னிக்கே வேலைய விட்டுத் தொரத்திப்போடறேன்!”

செங்கோட்டையன் போட்ட சத்தத்தில், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நோயாளிகள்கூடத் திறந்து பார்த்துவிட்டார்கள். நாற்காலியில் இருந்த ரசாக் மட்டும் தலை நிமிரவில்லை. செங்கோட்டையனின் சாயப்பட்டறையில் அவன்தான் டையிங் மாஸ்டர்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் கண் பரிசோதனை செய்யும் மோகனப்பிரியா.

“காப்பிக் கலர் கேட்ட கம்பெனிக்குப் பாசிப் பச்சைக் கலர்ல போட்டு அனுப்பிப்போட்டான். ஒரு லாரித் துணி திரும்பி வந்திருச்சு. கம்பெனிக்காரன் காறித் துப்பாத கொறைதான்!”

“மொதலாளி, பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. வேலைய மட்டும்...”

“வாய மூடு!”

மோகனப்பிரியா ரசாக்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகரச் சொன்னாள். வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தை விரித்தாள். “புள்ளிக்கு நடுவுல என்ன நம்பர் தெரியுதுங்க?”

“பன்னெண்டுங்க.”

அது செங்கோட்டையனுக்கும் தெரிந்தது. அடுத்த பக்கம் புரண்டது.

“எட்டுங்க.”

செங்கோட்டையன் எட்டிப் பார்த்தார். மூன்று. பளிச்சென்று மூன்று! அவருக்கு ரத்தம் கொதித்தது.

“மூணைப் போயி எட்டுங்கறான் பாரு!” என்று படத்தின் மேல் விரலால் குத்தினார்.

“கை வெக்காதீங்க, கலர் மங்கிப்போகும்” என்று புத்தகத்தை இழுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைக் காட்டினாள்.

“எழுவத்தி நாலுங்க” என்றான் ரசாக்.

“அடப்பாவி, இருவத்தொண்ணுடா அது! உன்ன நம்பிப் பட்டறையக் குடுத்தனே, என்னயச் செருப்பால அடிக்கோணும்!”

மோகனப்பிரியா அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு இருவத்தொண்ணுதான் தெரியுதுங்களா?”

“எனக்கென்ன கேடு? இன்னிக்கும் கண்ணாடி போடாம ஊசில நூல் கோப்பேன்!”

“அது வேறங்க. அவரு சொன்னதுதான் சரி. செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத கண்ணுக்குத்தான் இதெல்லாம் மூணாவும் இருவத்தொண்ணாவும் தெரியும். பொறவியிலயே இருக்கும், பல பேருக்குத் தெரியாமயே போயிரும்.”

“என்ன ஒளர்ற?” செங்கோட்டையனின் குரல் கூரையை இடித்தது. “இத்தனை வருசமா ஒவ்வொரு லாட்டுத் துணிக்கும் நான்தான் பக்கத்துல நின்னு, சாயத்தக் கூட்டு, கொறைன்னு சொல்றேன். இதுக்கு முன்னால ஒண்ணாச்சும் திரும்பி வந்திருக்கா? கேளு அவனை!”

ரசாக் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“வரலீங்க மொதலாளி. நீங்க சொன்னத நான் ஒருக்காகூடக் கேட்டதில்லீங்க. போன வாரம் சட்டையப் புடிச்சு உலுக்குனீங்களே, அந்தக் காப்பிக் கலர் லாட்டு ஒண்ணுதானுங்க நீங்க சொன்னபடியே போட்டேன்.”