வெளிச்சம் போதாது

அன்ரனிதாஸ் கன்றுகளுக்கு மேல் தொங்கிய விளக்கிலிருந்து லென்ஸைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தான். நேற்றும் துடைத்ததுதான். அதற்குள் மறுபடியும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"எல்லாம் கடல் காத்து. அறையை அடைச்சு வைச்சாலும் உள்ளுக்கு வருது," என்று அலுத்துக்கொண்டான். "லென்ஸ் இப்பிடி மங்கினால் கண்டுக்கு எங்காலை வெளிச்சம் போறது?"

கதவடியில் நின்ற தாய் அல்போன்சம்மா தட்டுகளை எட்டிப் பார்த்தாள். சலாதுக் கீரைக் கன்றுகள் ஓரமெல்லாம் கருகித் தலை தொங்கிக் கிடந்தன.

"இந்தமுறையும் பட்டுப்போச்சுதோ மோனை?"

அவன் கருகிய ஓர் இலையைக் கிள்ளி எறிந்தான்.

கரம்பொன் ஊரில் அந்தக் குடும்பம் பயிர் செய்தே அறியாதது. தகப்பன் கிறிஸ்தோப்பர் இருக்கும்வரை கடல்தான் சோறு போட்டது. மீன் படாத நாட்களில் மனிதர் வலைக்குக் கோயில் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். பிறகு பட்டதோ இல்லையோ, வீட்டில் எல்லோருக்கும் மனம் தேறிவிடும்.

அவரும் போய், இருந்த வலைகளையும் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போன பிறகு, மகனுக்கு மிஞ்சியது இந்தச் சலாது ஒன்றுதான். ஒழுங்காகத் தந்தால் கிழமைக்குக் கிழமை எடுக்கிறோம் என்று யாழ்ப்பாணத்து ஹோட்டல்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். சரிவராவிட்டால் கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

மூத்தவன் குருசுமுத்துவும் கட்டாருக்குத்தான் போனான். பெட்டியில் வந்தான். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே அல்போன்சம்மா சிலுவை போட்டுக்கொள்வாள்.

அன்ரனிதாஸ் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வீட்டுக் கிணறு சவர், சலாது உப்பைத் தாங்காது என்று மோட்டார் சைக்கிளில் நாரந்தனைக்குப் போய்ப் பிளாஸ்டிக் கானில் நல்ல தண்ணீர் கட்டிவந்து ஊற்றினான். வெயிலுக்கும் காற்றுக்கும் பயந்து அறைக்குள் வைத்தான். பலகையில் எல்.ஈ.டி. குமிழ்களை வரிசையாகப் பொருத்தி, விளக்கையும் தானே செய்தான்.

முதல் தடவை கன்றுகள் வாடியபோது, வெளிச்சம் போதாது என்று நினைத்தான். தகப்பன் கடலுக்குக் கொண்டுபோன தலைலைற்றுகளை உடைத்து லென்ஸ் எடுத்துப் பூட்டினான். அடுத்த தடவை கருகியபோது, லென்ஸ் ஒரே இடத்தில் குவித்துச் சுட்டுவிட்டது என்று நினைத்தான். விளக்கை உயர்த்தினான்; சிதறுகிற வெளிச்சம் திரும்பிக் கன்றில் விழட்டும் என்று, பால்மாப் பைக்கற்றுகளை வெட்டி உட்பக்க வெள்ளித்தாளைச் சுற்றிவர ஒட்டினான்.

கைபேசியில் இதைச் செய்து காட்டிய வெள்ளைக்காரனுக்குச் சலாது காடாக வளர்ந்திருந்தது. இவனுக்கு ஒரு கைப்பிடி தேறவில்லை.

கைபேசி அடித்தது. கட்டாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அரியநாயகம்.

"என்ன தம்பி, என்ன முடிவு? நீர் இல்லையெண்டால் வேற ஆள் நிக்குது."

"அண்ணை, இன்னும் ஒருக்கா விதை போட்டுப் பாத்திட்டு..."

"அதுவரைக்கும் பொறுக்கேலாது. ஓம் எண்டால் இப்பவே ரிக்கற் போடுவன். போட்டால் பிறகு மாத்தேலாது, சொல்லிப்போட்டன்."

அன்ரனிதாஸ் தாயைப் பார்த்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் தட்டுகளைப் பார்த்தான். மூன்று முறையும் இதே கதிதான், நாலாம் முறை மட்டும் என்ன மாறப்போகிறது?

"ஓம் அண்ணை. போடுங்கோ."

அல்போன்சம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அவனையும் குடுத்து, உன்னையும் அனுப்பிப்போட்டு, நான் இனி ஆருக்கு உலை வைக்கிறது?"

அவனுக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க விளக்கை நிற்பாட்டிவிட்டு, வெள்ளித்தாளை உரித்து எடுத்தான். அதிலும் வெள்ளைப் பொருக்கு படிந்து கிடந்தது. சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தான். லென்ஸ் இன்னும் கையில்தான் இருந்தது.

"அழாதையுங்கோ அம்மா. ஆரிலையும் பிழையில்லை. வெளிச்சம் போதாமல் போச்சு, அவ்வளவுதான். அதுக்கு நீங்கள் என்ன செய்யேலும்?"

"நான் சும்மா இருந்தனான் எண்டே நினைக்கிறாய்?" அல்போன்சம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கொப்பர் வலைக்குச் செய்யிறமாதிரி, நீ தண்ணி எடுக்கப் போற நேரமெல்லாம் விளக்குக்கும் கண்டுக்கும் தீர்த்தம் தெளிச்சனான்."

அவன் லென்ஸைத் திருப்பிப் பார்த்தான். துடைத்தும் போகாமல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தது.

"வாட வாட, அந்தத் தீர்த்தத்திலை மந்திரிச்ச உப்பையும் பிடி பிடியாக் கரைச்சனான் மோனை."