அழிச்சுப் புதுசா

“வணக்கம்” என்றது போன்.

முன்பின் பார்த்திராத ஆளிடம் சொல்வதுபோல.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அழித்தது அவன்தான். பழியைப் போட ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. தன் பழைய போனைத் துடைத்து, புதுக் கண்ணாடி ஒட்டி, ஜுலைகாவுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தான். விரல் பழகிய தடத்தில் தானாகப் போயிற்று. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது போன். அழி என்றான். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவையும் கேட்டது.

பாவம், அது தன்னால் ஆனதைச் செய்தது.

மண்ணடியில் அவன் கடை. கவர், சார்ஜர், டெம்பர்டு கிளாஸ். பழைய போனை விற்க வருகிறவர்களுக்குச் சுத்தமாக அழித்துக் கொடுப்பதும் அவன்தான். “பேக்கப் எடுத்தாச்சாண்ணே?” என்று கேட்காமல் எவருடைய போனையும் தொட்டதில்லை.

தன்னைத் தவிர.

அந்தப் போனுக்குள் ஒரு வாலட் இருந்தது. வாலட்டுக்குள் பிட்காயின்.

பிட்காயினுக்குள், ஜுலைகாவின் வளையல்கள்.

வாலட்டை மீட்கப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. எழுதி வைத்துக்கொள் என்று முதல் நாளே சொன்னது. பக்கத்தில் ‘பிறகு’ என்று ஒரு பொத்தான். வாழ்க்கையில் அவன் மிக அதிகமாக அழுத்திய பொத்தான் அதுதான்.

கடைக் கம்ப்யூட்டரில், பிட்காயின் கணக்கெல்லாம் பதிவாகும் பிளாக்செயினில் பார்த்தான். காயின் அங்கேயேதான் இருந்தது. விலைகூட ஏறியிருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

ஒருவராலும் தொட முடியாது.

அவனை இதில் இழுத்துவிட்ட நைனாவுக்குப் போன் போட்டான். டீக்கடை பெஞ்சில் மணிக்கணக்காக வாதாடுகிறவன் நைனா. பேங்க் வேண்டாம், கவர்மெண்ட் வேண்டாம், நடுவில் எவனுமே வேண்டாம் என்பான்.

நடுவில் எவனும் இல்லாததால் இப்போது போய் முறையிடவும் எவனும் இல்லை.

“நல்லதா நினை மாப்ளே. இனி நீ பயந்துபோய் விக்கவே முடியாதுல்ல? அதுவுமில்லாம, ஒரு காயின் தொலைஞ்சா மிச்ச காயினுக்கெல்லாம் மதிப்புக் கூடும். எங்களுக்கெல்லாம் நீ தர்மம் பண்ணியிருக்கே.”

“திரும்ப வருமா வராதா, அதச் சொல்லு.”

“வரும் வராதுங்கறதெல்லாம் பழைய உலகத்துக் கேள்வி மாப்ளே.”

வாலட் கம்பெனிக்கு எழுதினான். உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டான். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “போடும்போது நிய்யத்து என்னவா இருந்துச்சு?” என்றார்.

எண்ணம் நல்லதுதான். அதுதான் பிரச்சினையே.

சில மாதங்களுக்கு முன், நிக்காஹ்வில் கழுத்தில் கட்டிய கருகமணிச் சங்கிலி அறுந்துபோயிருந்தது. மணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள் ஜுலைகா. தாய்வீட்டில் போட்ட வளையல்களைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். “இத அழிச்சுப் புதுசாக் கருகமணி பண்ணிட்டு வாங்க மச்சான்.”

அழித்தான். நகைக்கடையில் விற்று, நைனா சொன்ன இடத்தில் போட்டான். கொஞ்சம் ஏறட்டும், கனமாகவே செய்துவிடலாம் என்று நினைத்தான்.

சில நாள் கழித்துச் சோறு போடும்போது கேட்டாள். “செய்யக் குடுத்துட்டீங்களா?”

“பிளாக்செயின்ல போட்டிருக்கேன்.”

வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

அவள் கரண்டியோடு நின்றாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

“பிளாக் செயின்னா? கருகமணியா மச்சான்?”

சொல்லியிருக்கலாம். சோறுகூட ஆறியிருக்காது.

“ஆமா” என்றான்.

போன் மாதிரி அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பி.காம். படித்தவளே நம்பிவிட்டாள் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். நைனாவைவிட அவன்தான் அதிகம் சிரித்தான். அதற்குப் பிறகு ஒரு பெருநாள் வந்து போனது. ஒரு கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருகமணி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அவன் மறுபடி கேட்கவில்லை.

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டான்.

இன்று கடையைச் சீக்கிரமே அடைத்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். போனில் ஆரம்பித்து வளையலுக்கு வருவது. வளையலில் ஆரம்பித்துப் போனுக்கு வருவது. எப்படிச் சொன்னாலும் நடுவில் அந்த ‘ஆமா’ வந்து நின்றது.

ஜுலைகா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா. கையில் கறுப்பு நூல் கோத்த ஊசி. மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பாதிச் சரம் ஆகியிருந்தது.

அவன் போனை அவள் பக்கத்தில் வைத்தான். திரை ஒளிர்ந்து அவளுக்கும் வணக்கம் சொன்னது.

“எனக்கா? கண்ணாடியெல்லாம் புதுசா இருக்கு.”

“ஜுலைகா. அந்த பிளாக் செயின்...”

ஊசியில் ஒரு மணி ஏறியது. நூலில் வழுக்கி மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது.

“வராது மச்சான்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான். “உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

அவள் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மணிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தாள்.

“கருகமணியான்னு கேட்டேன்ல. நீங்க ஆமான்னீங்க.”

அடுத்த மணியை எடுத்தாள்.

“அப்பலேர்ந்து.”